நீலக் காரின் பின்கதவு

என் வீட்டுக்காரர் விருதுநகரில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகை வைத்திருந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. காரை எல்லாரும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி வருகிறவர்கள் குறைவு. வெயிலிலும் புழுதியிலும் கிடந்து வெளுத்துப்போன காரைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். அந்த வேலையில் பாதி என்னுடையது. அவர் தேய்ப்பார். தேய்க்கிற பேட்டை நான் தைப்பேன், கழுவுவேன், காயவைப்பேன்.

பேட் என்றால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான ஒரு சின்ன மெத்தை. உள்ளே பஞ்சு, மேலே பிளானல் துணி. பசை மாதிரியான காம்பவுண்டைத் தொட்டு அதனால் தேய்க்கத் தேய்க்க, மேலே செத்துப்போன பெயிண்ட் மாவாகக் கழன்று பேட்டில் ஏறும். கவனிக்காத கார் என்றால் அரைக் கதவு தேய்ப்பதற்குள் பேட் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கை இங்கிருந்து அங்கே தள்ளுவதுதான் நடக்கும். போதாததற்கு, ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டால் போதும், கார் முழுக்க வளையம் வளையமாகக் கீறிவிடும். கொட்டகைக்குள் அது தெரியாது. வெயிலில் நிறுத்தினால்தான் தெரியும்.

அதனால் ஒரு காருக்கு இருபது பேட் வரைக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பார்சோப்புப் போட்டு அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும். முறுக்கினால் பஞ்சு கட்டியாகிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புக் காய்ந்தால் அதுவே கீறும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு எடுப்பேன். கரிசல் மண் காற்றில் பறக்கும் ஊர் என்பதால் வெளியே காயப்போட முடியாது. கொட்டகைக்குள் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிடுவேன். கீழே விழுந்த பேட்டை மறுபடி கார்மேல் வைக்கவே மாட்டோம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தியவள். என் அக்காவும் அங்கேதான் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரு தீபாவளி சீசனில் எனக்குக் கண்வலி வந்து நான் வீட்டில் கிடந்த நாளில், அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. அப்பா சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அம்மாவுக்கு அதைவிடப் பெரிய காந்தல் ஒன்று இருந்தது. முதலாளியின் பிளசர் கம்பெனி வாசலிலேயே நின்றதாம். கருகிக் கிடந்தவர்களை அதில் ஏற்றாமல், மாட்டு வண்டி வரும்வரை காக்க வைத்தார்களாம். யார் சொன்னார்கள் என்று எங்களுக்கே தெரியாது. ஊரில் சொன்னார்கள். "சீட்டு அழுக்காயிரும்னு ஏத்தலையாம்லா. அவன் வெளங்குவானா?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் காலையில் வாசல் தெளிக்கும்போது ஏசுவாள். கார் வேலைக்காரருக்கு என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும், எங்கள் வீட்டுக்கு வருவாளே தவிர கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அந்தக் கார் வந்தது. லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கருநீலம் என்று சொன்னார்கள். பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பல வருஷம் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குள் சாக்கு மூடிக் கிடந்ததாம். கூட வந்த டிரைவர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். சிவகாசிப் பக்கத்துக் கார் என்றும், முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் எடுத்து ஓட்டப்போகிறார் என்றும் மட்டும் சொல்லிவிட்டு வாசல் வேம்புக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு நாள் முன்பக்க வேலை நடந்தது. பேட்டைக் கழுவிய தண்ணீர் வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை, பின்கதவைத் தேய்த்த பேட்டை வீட்டுக்காரர் கொடுத்தார். சட்டியில் முக்கி ஒரு அமுக்கு அமுக்கினேன். நீலத்துக்குள்ளே வெள்ளி மின்னியது.

எனக்கு அதை யாரும் சொல்லவேண்டியதில்லை. அலுமினியப் பவுடர். கம்பெனியில் இருந்த காலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. அக்கா தலை பின்னிவிட்டால் என் கூந்தலில் மின்னும். சட்டியிலிருந்து கையை எடுத்தேன். பத்து விரலும் மின்னியது.

"பட்டாசு கம்பெனிக்காரர் கார்ல பவுடர் இல்லாம இருக்குமா?" என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மறுபடி மின்னியது. அந்த ஒரு பேட்டுக்கு எத்தனை தண்ணீர் மாற்றினேனோ தெரியாது, மின்னுவது நிற்கவே இல்லை.

மதியத்துக்கு முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டார். "இங்கன வா. இது என்னன்னு பாரு."

பின்கதவின் மேல்விளிம்பில், சாம்பல் பூத்த தோல் போய் நீலம் தெளிந்திருந்த இடத்தில், நாலு கோடுகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், சற்றுச் சாய்வாக. கீறல் இல்லை; பெயிண்டையே எதுவோ அரித்து உள்ளே இறங்கியிருந்தது. கதவின் உள்பக்கம் குனிந்து பார்த்தால், பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம்.

"மருந்துக் கை," என்றேன். ஈர மருந்துக் கை பட்ட இடத்தைத் துடைக்காமல் விட்டால் தகரத்தைக்கூட அது தின்றுவிடும். யாரோ கதவைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவரும் அதைத் துடைக்கவில்லை.

நேராக வேம்படிக்குப் போனேன். "அண்ணாச்சி, இது எந்தக் கம்பெனிப் பிளசர்?"

அவர் சொன்னார். எங்கள் கம்பெனிதான். எந்த வருஷத்திலிருந்து கிட்டங்கியில் கிடக்கிறது என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். அதில் இன்னும் வெள்ளி இருந்தது.

"ஒங்க ஆளுக யாரும் இருந்தாகளாம்மா?"

"எங்க அக்கா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அன்றைக்கு முதலாளி மதுரைக்குப் புறப்பட்டுக் காரில் உட்கார்ந்திருந்தாராம். சத்தம் கேட்டதும் இறங்கி ஓடினாராம். "நாலு பொம்பளையாளுக. நானும் அவருமாத்தேன் தூக்கி ஏத்துனோம். அவருக்கு எடமில்ல, ரோட்டுலயே நின்னுட்டாரு. 'நிக்காம போ'ன்னு மட்டுந்தேன் சொன்னாரு."

"பிளசர்ல ஏத்தலைன்னு... மாட்டு வண்டியிலேன்னு..."

"பொறவு கெடந்த ஆம்பளையாளுகளத்தேன் வண்டியில கொண்டு வந்தாக. இவுக நாலு பேரும் இதுல."

அவரே சொன்னார். "ஒரு ஆளுக்குப் பேச்சு இருந்துச்சு. 'காத்துப் பட்டா எரியுது, கண்ணாடிய ஏத்துங்க'ன்னுச்சு. ஏத்திவிட்டேன். சிவகாசி வரைக்கும் மூடிக்கிட்டேதேன் போனேன்."

"அது எங்க அக்காவா?"

"தெரியாதும்மா. மொகத்தப் பாத்து இன்னாருன்னு சொல்லுத மாதிரி யாரும் இல்ல."

அதற்குப் பிறகு முதலாளி அந்தக் காரில் ஏறவே இல்லையாம். விற்கவும் விடவில்லை, கழுவவும் விடவில்லை. இதையெல்லாம் ஏன் ஊரில் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆரு கேட்டாக? கேக்காதவுகள்ட்டப் போயி என்னத்தச் சொல்ல?" என்றார்.

கொட்டகைக்குத் திரும்பினேன். வீட்டுக்காரர் கதவுப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். என் கையை அந்தக் கோடுகள்மேல் வைத்தேன். பொருந்தியது. பொருந்தியதில் எதுவும் இல்லை. எந்தப் பெண் கையும் பொருந்தும். நாலு பேரில் யார் கை என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

"மகன்காரர் ஒரு புள்ளி இல்லாமக் கேட்டிருக்காரு," என்றார் அவர் மெதுவாக. "நீ சொன்னா அப்பிடியே விட்டுருதேன். ஏதாச்சும் சொல்லிக்கிடலாம்."

கயிற்றிலிருந்து காய்ந்த பேட் ஒன்றை எடுத்துத் தட்டி, விரலால் தடவிப் பார்த்து அவர் கையில் கொடுத்தேன். அவர் தேய்க்கத் தொடங்கியதும் உள்ளே வந்துவிட்டேன். சாயங்காலம் கார் வெயிலில் நின்றபோது அந்த இடத்தைத் தேடினேன். சாய்ந்து பார்த்தால் மட்டும், நீலம் அங்கே கொஞ்சம் மெலிந்திருந்தது. மகன் வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக எடுத்துப்போனார். கதவைத் தேய்த்த பேட் எதுவும் வேறு காருக்கு ஆகவில்லை. அவற்றைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் குப்பையில் போட்டேன். ரொம்ப நாள் வரைக்கும் ஒவ்வொரு சட்டித் தண்ணீரையும் கொட்டுமுன் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அப்படியும் பார்ப்பேன்.

அடுத்த வாரம் அம்மா வந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்காரர் நினைத்தார். என்னால் முடியவில்லை. பிளசரில்தான் கொண்டுபோனார்கள், முதலாளியே தூக்கி ஏற்றினார், காத்திருக்க விடவில்லை என்று சொன்னேன். கண்ணாடி விஷயத்தையும் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் முகத்தில் ஆறுதல் எதுவும் வரவில்லை.

"அப்பம் இனி நான் ஆர ஏட்டி ஏசுவேன்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அம்மா ஏசவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது சத்தமே இல்லாமல் தெளிப்பாள் என்று அவளோடு இருந்த என் தம்பி சொன்னான். அந்தச் சத்தமின்மை வீட்டில் இருந்தவர்களுக்குத் தாங்க முடியவில்லையாம்.

ஒரு மாசம் கழித்து டிரைவர் வீடு எங்கே என்று என்னிடம் கேட்டாள். வீட்டுக்காரரிடம் கேட்டு, காரியாபட்டிப் பக்கம் என்று சொன்னேன். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். காலை பஸ்ஸில் தனியாகப் போய், மதியம் தாண்டி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். சோறு போட்டேன். முழுவதும் சாப்பிட்டாள்.

"என்னம்மா சொன்னாரு?" என்றேன்.

அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தாள். நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். அவளும் டிரைவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கடைசிவரை எனக்குத் தெரியாது.