மதகடியில் வலப்பக்கம்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓரளவு ஓட்ட வரும் என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நன்றாகவே ஓட்டுவேன். மாயவரத்திலிருந்து சீர்காழி வரைக்கும், அங்கிருந்து கடற்கரை வரைக்கும், எந்த வாய்க்கால் எங்கே ரோட்டை வளைக்கிறது என்பது என் இடுப்புக்குத் தெரியும். காவிரிப் பக்கத்து ரோடுகளை எந்த இன்ஜினியரும் போடவில்லை, தண்ணீர்தான் போட்டது. தண்ணீர் திரும்பிய இடத்தில் கரை திரும்பியது, கரை திரும்பிய இடத்தில் ரோடும் திரும்பியது. வளைவுக்குப் பயந்தவன் எங்கள் பக்கத்தில் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் நன்றாக வரும், இன்னொரு பக்கம் வராது. ஒரு பக்கம் திரும்பும்போது வண்டி தானாகச் சாயும். மறுபக்கம் வந்தால் தோள் விறைக்கும், கண் ரோட்டை விட்டு பக்கத்துப் பள்ளத்தைப் பார்க்கும். இதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையே அந்த ஒரு பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டது.

கால்நடைத் துறையில் எனக்கு ஆய்வாளர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஊரில் அதை மாட்டு டாக்டர் வேலை என்றுதான் சொல்வார்கள். பண்ணையில் மாடு மேய்த்தவரின் மகன் மாட்டுக்கு ஊசி போடப் போகிறான் என்று எங்கள் தெருவே பூரித்துப் போயிருந்தது. என் அப்பா அந்த வாரம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டினார். ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. வண்டியைத் துறை தந்துவிடும். லைசென்ஸை மட்டும் நான் கொண்டுபோக வேண்டும். குறித்த தேதிக்குள் கொண்டுபோகாவிட்டால், எனக்கு அடுத்தபடி காத்திருக்கிறவருக்கு வேலை போய்விடும்.

லைசென்ஸ் என்றால் எட்டுப் போட வேண்டும். மாயவரத்து மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு வரைந்திருப்பார்கள். கால் தரையில் படாமல் அதன் மேல் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டில் ஒரு வட்டம் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். இடது வட்டத்தை நான் போட்ட அழகைப் பார்த்து, முறைக்குக் காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வலது வட்டத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை. என் வலது கால் பிரேக்கிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றிக்கொண்டது. நான் ஊன்றச் சொல்லவே இல்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இடது பக்கம் ராஜா மாதிரி போறீங்க. வலது பக்கம் வந்ததும் என்னய்யா, பூச்சாண்டி நிக்குதா அங்க? போயிட்டு அடுத்த தரம் வாங்க," என்றார்.

அடுத்த தரமும் போனேன். அதே வட்டம், அதே கால். இன்ஸ்பெக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. "தேதி நெருங்குதுங்கறீங்க. இன்னும் ஒரு தரம் வாங்க. அதுக்கு மேல என்னால ஆவாது," என்றார். சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. வெளியே ஒருவர் காதோடு காதாக, எட்டே போடாமல் லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவர் சட்டையைப் பிடிக்காமல் விட்டதே பெரிது. மாட்டை அவிழ்த்துவிட்டுப் பால் கறந்ததாகக் கணக்குச் சொல்கிற பரம்பரை இல்லை நாங்கள்.

பழகுவதற்கு வண்டி கொடுத்தவன் மெக்கானிக்காக இருந்த என் நண்பன். அவனுக்கென்று ஒரு விளக்கம் இருந்தது. "மாப்ளே, ஆக்ஸிலேட்டர் வலது கையில, பிரேக் வலது காலுல. அந்தப் பக்கத்துக்குத்தான் எல்லா வேலையும். அதான் அந்தப் பக்கம் சாயப் பயப்படுது," என்றான். டீக்கடையில் இன்னொரு விளக்கம். இடது பக்கம் திரும்பினால் நம்முடைய ஓரம், வலது பக்கம் திரும்பினால் எதிரே வருகிற பஸ்ஸின் மூஞ்சி, அதனால் எல்லாருக்குமே வலது கொஞ்சம் உதறத்தான் செய்யும் என்றார்கள். எல்லாம் நியாயமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அத்தனையையும் ஒப்பித்தேன்.

அக்கா வைக்கோல் பிரி திரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கூலிப் போராட்டம் நடந்த காலத்தில், வரப்பெல்லாம் சிவப்புக்கொடி நட்டிருந்த வருஷங்களில், நடவுக்கு இறங்கின பெண்களை வயலிலேயே உட்கார வைத்தவள் அவள். வெளியூர் ஆளைக் கூட்டிவந்த மிராசுதார்களையும் கூட வந்த போலீஸ்காரர்களையும் பார்த்து, சேற்றுக் கையோடு அவள் பேசினதை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தபோது, போனதைவிடக் குரல் இன்னும் உரத்திருந்தது. அவளுக்குத் தம்பியாகப் பிறந்ததில் எனக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் உமியைக் கொட்டி எட்டு வரைந்து, காலையும் மாலையும் சுற்றினேன். இடது வட்டம் வெண்ணெய். வலது வட்டம் எப்போதும் போலத்தான். ஒரு சாயங்காலம் வெறுத்துப்போய் வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். வாய்க்கால் ரோட்டில் வந்தால் ஊர் எல்லையில் ஒரு மதகு இருக்கிறது. தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரியும், ரோடும் பிரியும். வலது பக்கம் மேலத்தெரு. கோயில், குளம், தபால் ஆபீஸ், மிராசுதார்களின் ஓட்டு வீடுகள் எல்லாம் அங்கே. இடது பக்கம் எங்கள் தெரு. நடுவில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள். ஆட்சி மாறினால் புதுப் பெயிண்ட் அடிக்கும் கம்பம் மட்டும் மாறும்.

அன்று மதகடியில் வண்டி என்னைக் கேட்காமலே இடது பக்கம் சாய்ந்தது. எவ்வளவு லாகவமாகச் சாய்ந்தது என்றால், நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சின்ன வயதிலிருந்து அந்த மதகில் நான் எத்தனையோ தடவை திரும்பியிருக்கிறேன். நடந்து, ஓடி, மாட்டின் பின்னால், வாடகை சைக்கிளில். ஒருமுறைகூட வலது பக்கம் திரும்பியதில்லை. தபால் ஆபீசுக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் வரப்பு வழியாகச் சுற்றிப் பின்பக்கமாகப் போவார்கள். தெருவழியே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா அந்தத் தெருவில் கால் வைப்பதற்கு முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். போராட்டத்தின் போது ஒருநாள் கூலி விஷயமாகப் பேச வேண்டும் என்று அவரை அங்கே கூப்பிட்டார்கள். போனார். திரும்பி வந்தபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அன்றைக்கு என்னைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு சொன்னார்: "மதகுல சோத்தாங்கைப் பக்கம் திரும்பவே திரும்பாத. என்ன அவசரமா இருந்தாலும் சரி."

அதன் பிறகு கூலி கூடியது. குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்தது. எல்லாரும் சமம் என்று மதகடியில் மைக் கட்டிப் பேசினார்கள், நாங்களும் கை தட்டினோம். கை தட்டிவிட்டு எல்லாரும் இடது பக்கமாகவே வீட்டுக்குப் போனோம். என் கால் வலது வட்டத்தில் ஏன் தரைக்கு வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. வலது பக்கம் திரும்பினால் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அதற்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு அவமானமாக இல்லை. ஆத்திரம்தான் வந்தது.

அக்காவிடம் சொன்னேன். கையிலிருந்த வைக்கோல் பிரியைக் கீழே போட்டாள். "காலையில நானும் வரேன். பின்னாடி உக்காந்துக்கறேன். எங்கயாச்சும் நீ காலை ஊனுனா, அங்கயே எறங்கி உன்னை ஒதைப்பேன்," என்றாள்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் கிளம்பினோம். வாய்க்கால் ரோடுவரை போய்த் திரும்பி மதகை நோக்கி வந்தேன். மதகுக் கட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அக்கா பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். கையை உயர்த்தினார், தடுக்கவா என்னவோ தெரியவில்லை, அதற்குள் நான் வலது பக்கம் திரும்பிவிட்டேன்.

அந்தத் திருப்பம் அகலமானது. தோள் விறைத்தாலும் கால் பிரேக்கிலேயே இருந்தது. சோதனை கோயில் மூலையில் காத்திருந்தது. மேலத்தெருவில் அறுப்புக் காலத்தில் நெல்லை ரோட்டில்தான் காயப்போடுவார்கள். ரோட்டின் இடது பாதி முழுக்க நெல், அதன் ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்க வரிசையாகக் கல். மூலையில் ரோடு சட்டென்று வலது பக்கம் மடங்குகிறது. வெளிப்பக்கம் அகலமாகப் போக வழியில்லை. மைதானத்து எட்டைவிடக் குறுகலான வட்டம்.

நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார். மேலத்தெருக்காரர், என் அப்பா வயதிருக்கும். "ஏய், யாருடா அது? எறங்கித் தள்ளிட்டுப் போ!" என்றார்.

அக்கா என் தோளைப் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை. "ஓட்டுறதுக்குத்தாங்க வண்டி. தள்ளுறதுக்குன்னா மாட்டு வண்டியிலயே வந்திருப்போமே," என்றாள். குரலில் சண்டையே இல்லை. அடுத்த வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

கண் வழக்கம்போல ஓடிப்போய்க் கல்லில் நின்றது. கால் ஊன்றினால் இந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மைதானத்தில் ஊன்றினால் ஃபெயில், அவ்வளவோடு முடிந்தது. இங்கே ஊன்றினால் அவர் சொன்னதைக் கேட்டு இறங்கியதாக ஆகும். கண்ணைக் கல்லிலிருந்து பிடுங்கி, மூலைக்கு அப்பால் தெரிந்த குளத்துப் படிக்கட்டில் வைத்தேன். இடுப்பை வலது பக்கம் விட்டுக்கொடுத்தேன். வண்டி சாய்ந்தது. அக்காவும் என்னோடு சாய்ந்தாள். கால் பிரேக் மேலேயே இருந்தது, ஒரு நெல்கூட மிதிபடவில்லை. மூலையைத் தாண்டியதும் வண்டி தானாக நிமிர்ந்தது.

குளத்து மூலையில் மறுபடி வலது பக்கம். அடுத்த மூலையில் மறுபடி வலது பக்கம். கோயிலைச் சுற்றியுள்ள நாலு தெருவும் அப்படித்தான். திருவிழாவில் சாமி வருவதும் இதே வழியில்தான். நாங்கள் அதைத் தூரத்து வரப்பில் நின்று பார்த்திருக்கிறோம்.

சுற்றி முடித்து மதகுக்கு வந்ததும் அக்கா முதுகில் தட்டினாள். "சாமி சுத்துற மாதிரியே சுத்திட்டடா. இன்னொரு தரம் போ," என்றாள். போனேன். இரண்டாம் முறை அந்த நெல்லுக்காரர் நெல்லைத் துழாவிக்கொண்டே பார்த்தார். மூன்றாம் முறை, "நெல்லு மேல ஏத்திடாத," என்று மட்டும் சொன்னார். அது எல்லாருக்கும் சொல்வதுதான்.

மாயவரத்தில் கடைசித் தரம் எட்டுப் போட்டபோது வலது வட்டத்தை இடது வட்டத்தைவிட அழகாகப் போட்டேன். இன்ஸ்பெக்டர் போதும் என்று சொன்ன பிறகும் ஒரு சுற்று கூடப் போட்டேன், அந்தக் கொழுப்பு எனக்கு உண்டு. "எங்கய்யா பழகுனீங்க?" என்று கேட்டார். "எங்க ஊர்த் தெருவுல சார்," என்றேன். மேலத்தெருவை எங்க ஊர்த் தெரு என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

லைசென்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்பா மதகுக் கட்டையிலேயே இருந்தார், எனக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். எடுத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனால் என் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏறுங்கப்பா," என்றேன். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் பின்னால் இருந்த கம்பியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருப்பார்.

வலது பக்கம் திரும்பினேன்.

என் தோளில் அப்பாவின் விரல்கள் அழுந்தின. காற்றில் அவருடைய துண்டு என் காதோரம் படபடவென்று அடித்தது. வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். கோயில் மூலை நெருங்கும்போது என் தோளிலிருந்து அவர் கை எடுபட்டது. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வண்டியைச் சாய்த்தேன். அப்பா, பறந்துகொண்டிருந்த துண்டை இழுத்து நன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி என் தோளைப் பிடித்தார்.