சுண்டுவிரலுக்குக் கீழே ஓர் எலும்பு

கலுபாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சுரங்க மருத்துவமனையில் பதினோரு வருடம் பிசியோவாக இருந்து, பாறை வெட்டியவர்களின் முதுகுகளை நிமிர்த்திவிட்டவள். அதை விட்டுவிட்டு சுரங்க ஊரான முஃபுலிராவின் கோல்ஃப் கிளப்புக்குப் பின்னால், பழைய மட்டைகளைப் பூட்டிவைத்திருந்த அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினாள். தோள்வலி, முழங்கைவலி, இடுப்புப் பிடிப்பு என்று வருகிறவர்களைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அவர்களைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். மகள் பெயரைச் சேர்த்து எல்லோரும் அவளை ‘பனா சோலா’ என்றார்கள். சோலாவின் அம்மா என்று அர்த்தம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் கசோண்டே வந்தான். பத்து வயதில் அடுத்தவர் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த மைதானத்துக்குள் நுழைந்தவன், முப்பத்தொரு வயதில் அங்கே அவனை ஜெயிக்க ஆள் இல்லை. அடுத்த மாதம் என்டோலாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு முதல் தடவையாகத் தேர்வாகியிருந்தான். பதினான்காவது குழிக்குப் பந்தை அடிக்கும்போது, புல்லுக்குள் மறைந்திருந்த மாமர வேரில் மட்டை ஓங்கி மோதிவிட்டது. மழை இல்லாமல் தரை செங்கல்லாக இறுகிக் கிடந்த காலம். அடித்த அதிர்ச்சி அப்படியே இடது உள்ளங்கைக்கு ஏறிவிட்டது.

கலுபா கையைத் திருப்பிப் பார்த்தாள். அழுத்தினாள். நகர மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை.

“சுளுக்குத்தான். கட்டுப் போட்டு விடறேன். இந்த ரப்பர் பந்த ஒரு நாளைக்கு நூறு தடவ பிசை.”

“இருநூறு பிசையறேன். சீக்கிரம் சரியாகணும் பனா சோலா.”

சொன்னபடியே பிசைந்தான். வீக்கம் வற்றியது. வலி மட்டும் போகவில்லை. மூன்றாவது வாரம், சுண்டுவிரலை விலக்கி வைத்துக்கொண்டு அவன் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதைக் கலுபா பார்த்தாள். கேட்டதற்கு, மரத்த மாதிரி இருக்கிறது என்றான். கட்டு இறுக்கமாகியிருக்கும் என்று தளர்த்திவிட்டாள். ஆனால் அந்த விரல் அவள் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளாகச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

“தரை தேஞ்சிரும், உக்காரு” என்றான் புருஷன் முவாபே.

செவ்வாய்க்கிழமை மதியம் உட்கார்ந்தாள். இன்ஷிமாக் களியைக் கிள்ளி உள்ளங்கையில் உருட்டும்போது கை நின்றுவிட்டது. சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கோல்ஃப் மட்டையின் பிடி முனை வந்து முட்டும் இடம் அது. அங்கே கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன எலும்பு உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகளின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

“ஐயோ, உடைஞ்சிருக்கு” என்றாள்.

“என்ன உடைஞ்சிருக்கு? தட்டா?”

அவள் கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வீட்டுச் செருப்போடு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். கசோண்டே அன்றைக்குத்தான் கிளம்புகிறான். நல்லவேளை, ஆள் நிரம்பாமல் என்டோலா வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவன் கடைசி இருக்கையில் மட்டைப் பையை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

“ஏறினா எறங்கக் கூடாதும்மா, வண்டி கெளம்பிருச்சு” என்றான் நடத்துநர்.

ஏறினாள். கசோண்டே பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, அவன் இடது கையை இழுத்து மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தாள். “சுண்டுவிரல மடக்கு. நான் இழுப்பேன், விடாத.”

மடக்கினான். அவள் இழுத்ததும் “ஆ!” என்று துள்ளிவிட்டான். வண்டியே திரும்பிப் பார்த்தது.

“அந்தப் புள்ள விரல எதுக்குடி ஒடிக்கிற?” என்றாள் முன் இருக்கையில் கருவாட்டு மூட்டையோடு இருந்த ஒருத்தி.

“ஏற்கெனவே ஒடிஞ்சிருக்குக்கா” என்றாள் கலுபா. அவன் பக்கம் திரும்பினாள். “இது சுளுக்கு இல்ல கசோண்டே. உள்ள ஒரு எலும்பு உடைஞ்சிருக்கு. எக்ஸ்ரேல தெரியாது, ஸ்கேன் படம் எடுக்கணும். நான் தப்பாப் பாத்துட்டேன்.”

“நாளன்னைக்கு ஆட்டம்.”

“தெரியும்.”

“நான் ஆடினா?”

“ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆனா உடைஞ்ச முனை, விரல மடக்குற தசைநார உரசிட்டே இருக்கு. அது அறுந்தா இந்த விரல் மடங்காது. மட்டை பிடிக்க முடியாது.”

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். “நீங்க பந்த பிசையச் சொன்னப்பவும் உரசிச்சா?”

“ஆமா.”

“இருநூறு தடவ” என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என்டோலாவில் இறங்கியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். அவள் பின்னாலேயே நடந்தாள். போட்டி நடக்கும் இடத்துக்குப் போகும் சாலை பிரியுமிடத்தில் நின்றான்.

“அந்தப் படம் எங்க எடுப்பாங்க?”

அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கொக்கி அடியோடு முறிந்து தனியாகக் கிடந்தது. தசைநார் தேய ஆரம்பித்திருந்தாலும் அறுந்திருக்கவில்லை. கசோண்டே தானே போய்ப் போட்டிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டு வந்தான்.

“உங்களத் திட்டணும்போல இருக்கு. இன்னைக்கு வேணாம். நீங்க போங்க” என்றான்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் துண்டு எலும்பை அறுவை செய்து எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய பயிற்சிக்கு அவன் கலுபாவிடம் வரவில்லை. கிட்வேயில் வேறொரு பிசியோவிடம் போகிறான் என்று மட்டைப் பை தூக்கும் பையன்கள் சொன்னார்கள். கிளப்பில் கேட்டவர்களிடமெல்லாம், “தப்பு என்னுது” என்று அவளே சொன்னாள். சிலர் அவளிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வந்தவர்களின் கையை இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். சாயங்காலமானால் பயிற்சி மைதானத்து வேலியோரம் போய் நின்றுவிட்டுத் திரும்புவாள். அவன் இருக்க மாட்டான். மறுநாளும் போவாள்.

ஜனவரியில் ஒருநாள், மழையில் நனைந்து சொட்டச் சொட்டக் கசோண்டே வாசலில் நின்றான்.

“கிட்வேல நல்லாத்தான் பாக்கறாங்க. ஆனா அந்தம்மா மட்டைய விளக்குமாறு மாதிரிப் பிடிக்குது. தழும்பு மேல மட்டை பட்டாலே எனக்கு உயிர் போகுது.” கொஞ்சம் நிறுத்தினான். “இன்னும் கோபம் போகல பனா சோலா. அத மொதல்லயே சொல்லிடறேன்.”

“கோபத்தோடயே வா. கைய நீட்டு.”

முதலில் பஞ்சு, அப்புறம் துண்டு, அப்புறம் அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விடுவது என்று தழும்பைத் தொடத் தொடப் பழக்கினாள். மட்டையின் முனை உள்ளங்கையில் குத்தாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியை மாற்றச் செய்தாள். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவது மட்டும் மூன்று வாரம். பிறகு விரிப்பின் மேல் சின்ன அடிகள். ஒவ்வோர் அடிக்கும் வலிக்கிறதா என்று கேட்டாள்.

“இல்ல.”

“நெசமா?”

“இல்லன்னா இல்ல. நீங்க கொஞ்சம் உக்காருங்களேன், உங்களப் பாத்தாத்தான் எனக்குத் தலவலி.”

ஏப்ரலில் முழு வேகத்தில் அடித்தான். அக்டோபரில் என்டோலாவுக்குப் போனான். கலுபாவும் போனாள். நான்கு நாளும் பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே ஒவ்வொரு குழிக்கும் கூடவே நடந்தாள். இருபத்து மூன்றாவது இடம். கடைசி நாள் மட்டும் நான்கு பந்துகளைக் குழியோரம் கோட்டைவிட்டான். வெளியே வந்ததும் வராததுமாக அவள் அவன் இடது கையைப் பிடித்து உள்ளங்கையை அழுத்தத் தொடங்கினாள்.

“கைக்கு ஒண்ணும் இல்ல. கோட்டைவிட்டது கண்ணு” என்றான் கசோண்டே. “விடுங்க பனா சோலா, ஜனங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும்” என்று சொல்லி அவள் இன்னொரு தடவை அழுத்தினாள்.