ஈசானியத்துப் பட்டன்

செஞ்சி கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து வியாபாரிகளுக்கு வெப்சைட் போட்டுத் தருகிறாளே வல்லத்துக் கலைச்செல்வி, அவள் பிழைப்பைக் காப்பாற்றியது ஊராரின் கட்டைவிரல். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

சென்னைக் கம்பெனி ஒன்று செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. அவளுக்கோ சொந்த ஊரை விட்டுப் போக மனசே இல்லை. அவள் அப்பா கன்னியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு கடை வந்தா பரிதாபத்துல வந்ததுன்னு வெச்சிக்கலாம். ரெண்டு கடை வந்தாத்தான் தொழிலு. இல்லன்னா பொட்டியக் கட்டு."

முதலில் வந்தவர் பாத்திரக்கடை சிங்காரவேலு. கலைச்செல்வி நான்கு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஜனங்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரு கையில் பை, இல்லாவிட்டால் பிள்ளை. மிச்சமிருக்கும் கையின் கட்டைவிரல்தான் எல்லா வேலையும் செய்கிறது. அது சுலபமாக எட்டுவது திரையின் வலது கீழ் மூலை. அங்கேயே 'கடைக்குப் பேச' என்று பெரிய பட்டனாக வைத்தாள்.

சிங்காரவேலுவின் முகம் சுண்டிப்போனது.

"இன்னாம்மா இது? என் கடையில எல்லாமே வாஸ்துப்படி இருக்குது. பட்டன் ஈசானியத்துல இருக்கணும். வடகிழக்குல."

"போனுக்கு ஏது மொதலாளி வடகிழக்கு? ஆளு திரும்பினா திசையும் மாறிடுமே."

"அப்ப பட்டனும் மாறட்டும். முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் போனில் திசைகாட்டி இருக்கிறதே! பட்டன் எப்போதும் நிஜ வடகிழக்கு மூலைக்கே ஓடும்படி செய்தாள். இதைவிடக் கேவலமான வெப்சைட்டை எவளும் செய்திருக்க மாட்டாள் என்று அவளுக்கே அழுகை வந்தது.

சனிக்கிழமை வெப்சைட் ஊருக்குள் பரவியது. வடக்கே பார்த்து நின்றால் பட்டன் மேலே போய்விடும், விரல் எட்டாது. மேற்கே, கோட்டை மலையைப் பார்த்துத் திரும்பினால்தான் விரலடியில் வந்து நிற்கும். பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையால் தொடலாமே என்கிறீர்களா? நம் ஜனமாவது, பையைக் கீழே வைப்பதாவது! ஆளே திரும்பிவிட்டார்கள். டீக்கடையில், ஆட்டோவில், அவலூர்பேட்டை பஸ்ஸின் படியில் என்று எங்கு பார்த்தாலும் மலையைப் பார்த்து நின்றார்கள். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், ஏதோ சாமி போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிங்காரவேலுவின் கடை தெருவின் மேற்கு வரிசை. போனை எடுத்துத் திரும்பியவர்கள் அவர் கடையைப் பார்த்து நின்றார்கள், நின்றவர்கள் குக்கரோடு வீட்டுக்குப் போனார்கள். எதிர்வரிசையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் விக்ரமன் இரண்டு நாளாக முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, கட்டிய பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, அறையைக் காலி செய்ய வந்த கலைச்செல்வி படியில் விக்ரமனைக் கண்டாள். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு போடும்மா," என்றார் விக்ரமன். "பட்டன் கன்னிமூலையில இருக்கட்டும். தென்மேற்கு."

அப்படியென்றால் கிழக்கே, அவர் கடைப் பக்கம் திரும்பினால்தான் விரல் எட்டும். மனுஷன் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்!

வீட்டுக்குப் போன் போட்டாள். "நைனா, ரெண்டாவது கடை வந்துட்டுது!"



"பொட்டிய அப்பவே பிரிச்சிட்டேன்," என்றார் கன்னியப்பன். "நேத்து கழனியில நானே மேக்க திரும்பி நின்னு, பட்டன அமுக்கி ஒரு அண்டாவுக்குச் சொல்லிட்டு வந்தேன்."