நாற்பத்தோராவது கோனோகார்பஸ்

வலங்கைமானை அடுத்த ஓர் அரசு அலுவலக வளாகத்தில் கண்ணுசாமி இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தோட்டக்காரர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மண்ணையும் மரத்தையும் பற்றி அறிந்ததெல்லாம் தாமே படித்துக்கொண்டது. கைக்கு வந்த காகிதம் எதையும் அவர் எறிந்ததில்லை. தகரப் பெட்டியில் தேதி வரிசையில் அடுக்கிவிடுவார்.

அரசு நிலங்களில் நிற்கும் கோனோகார்பஸ் என்னும் வெளிநாட்டு மரங்களை அகற்றிவிட்டு நாட்டு மரங்களை நடவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதன் மகரந்தத்தால் மூச்சுத்திணறல் வரக்கூடும் என்றும் அதில் இருந்தது. வளாகத்தில் நாற்பத்தொரு மரங்கள். பழைய கோப்பைப் புரட்டிய கண்காணிப்பாளர் கனிமொழி அவரை அழைத்தார்.

"தோட்டக்காரர் தன் விருப்பப்படி வச்சதுன்னு எழுதியிருக்கே. உங்க வேலைக்கே ஆபத்தா வந்துடும்ங்க இது."

"என் விருப்பம்னா புங்கனும் இலுப்பையும்தாங்க மேடம். இதை வைக்கச் சொல்லி எழுத்துல உத்தரவு கொடுத்தாங்க. பெட்டியில இருக்கு."

எழுத்தர் துரைராசு சிரித்தார். "இருக்கும் மேடம். அண்ணன் தனக்குப் பொண்ணு பார்க்கப் போன பஸ் டிக்கெட்டே அதுல இருக்கும்."

வளாகத்தின் பின்புறமிருந்த தம் குடியிருப்பில் கண்ணுசாமி பெட்டியைத் திறந்தார். உத்தரவு கிடைத்தது: நாற்பது கன்றுகள். அடுத்த தாள் அவர் கையெழுத்தில் ஒரு மனுவின் நகல். 'மேற்கு ஜன்னலில் வெயில் தாங்கவில்லை. மீந்த ஒரு கன்றை அங்கே நட அனுமதிக்க வேண்டுகிறேன்.'

மனைவி செவ்வந்தியின் கட்டில் அந்த ஜன்னலடியில்தான் கிடந்தது. அவள் இறந்து பதினோரு மாதம். தனியே கட்டி வைத்திருந்த அவளுடைய மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்து, தேதிப்படி அந்த மனுவின் பின்னால் அடுக்கினார். முதல் சீட்டு, மரம் பூத்த முதல் வருடம். அதன்பின் ஆண்டுதோறும் அதே மாதங்கள். ஒரு பூக்காலத்தில் அவள் கேட்டது நினைவுக்கு வந்தது.

"இது பூத்தாலே நெஞ்சை அடைக்குதுங்க. வெட்டிருங்களேன்."

"அரசாங்க மரம் செவ்வந்தி. எழுத்துல உத்தரவு இல்லாம அரிவாள் வைக்கக் கூடாது."

"வைக்கிறதுக்கு எழுதிக் கேட்டீங்கல்ல. வெட்டுறதுக்கும் எழுதிக் கேளுங்க."

"ஆகட்டும்" என்றிருந்தார். வெட்டக் கேட்கும் அந்த இரண்டாவது மனுவைத் தேடி இப்போது பெட்டியை இரண்டு முறை கவிழ்த்தார். எழுதாதது எங்கிருந்து கிடைக்கும்?

மறுநாள் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார்.

கனிமொழி மனுவைத் திருப்பி நீட்டினார். "உத்தரவு ஒண்ணே போதும். உங்க மேல தப்பில்லை. இதைக் கொடுத்தா உங்களுக்குத்தான் வம்பு. ஒரு மரம்தானே, விடுங்க."

"கோப்புல சேர்த்துக்குங்க மேடம். அந்த ஒண்ணு நான் கேட்டு வச்சது."

சேர்த்தார்கள். அந்த வாரமே நாற்பத்தொன்றும் விழுந்தன. கடைசி மரத்தைக் கண்ணுசாமியே வெட்டி, வேரையும் தோண்டி எடுத்தார்.

இப்போது மேற்கு வெயில் தடையின்றிக் காலிக் கட்டிலில் விழுகிறது. ஆனாலும் காற்றடிக்கும் மாலைகளில் ஜன்னல் கதவில் கிளை உரசும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து போய்த் திறந்து பார்க்கிறார்.