இடம் மாறி நின்ற வள்ளி

1. வெள்ளவத்தை

“தம்பி, இதில வள்ளி எந்தப் பக்கம் நிக்கிறா?” என்று கேட்டார் தர்மகர்த்தா.

முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இன்னும் மூன்று கிழமை. கோபுரத்தைப் போட்டோ எடுத்து, அதைச் செப்புத் தகட்டில் எச்சிங் செய்து, உபயகாரர்களுக்குக் கொடுக்க முப்பது பிரதிகள் கேட்டிருந்தார்கள். முதல் பிரதியை மேசையில் விரித்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். கேள்வி எனக்கு விளங்கவில்லை. நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன்.

“முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. நீர் ரெண்டு பேரையும் மாத்திப்போட்டீர். வேலும் இடக்கையில. இதை நான் ஆருக்குக் குடுக்கிறது?”

“போட்டோவைப் பாத்துத்தான் ஐயா கீறினனான்.”

“அப்ப போட்டோவைக் காட்டும்.”

போட்டோவில் எல்லாம் சரியாகவே இருந்தது.

2. தகடு

மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அசிட்டில் போட்டால், கீறிய இடம் மட்டும் அரிபடும். அதில் மை பூசி, தாளை வைத்து பிரஸ்ஸில் அழுத்தினால் படம் இடம் வலமாக மாறி விழும். அதனால் போட்டோவை இடம் வலமாகத் திருப்பிக்கொண்டுதான் கீறவேண்டும். பழகுபவர்கள் முதல் கிழமையிலேயே கற்கிற பாடம் இது.

நான் பதினொரு வருடமாகக் கீறியதெல்லாம் தேவாலய முகப்புகள். இரண்டு பக்கமும் ஒரே கோபுரம், ஒரே யன்னல். திருப்பினாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று என்று அந்தத் திருப்பும் வேலையைக் கைவிட்டிருந்தேன். கோயில் கோபுரத்தையும் அப்படியே நினைத்தேன். அதில் சிலைகளாக நிற்பவர்களை நினைக்கவில்லை. சோம்பல்தான், வேறு பெயர் வேண்டாம்.

அவ்வளவு ஆழமாக அரித்த செம்பைத் திருத்த முடியாது. புதுத் தகடு எடுத்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் நிறுத்தி, அதில் தெரிந்த போட்டோவைப் பார்த்துக் கீறினேன். கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்பு பிரதிகளைக் கொண்டுபோனேன். தர்மகர்த்தா முதலில் முருகன் கையிலிருந்த வேலைப் பார்த்தார், பிறகு வள்ளியை. “இப்ப சரி” என்றார்.

3. கொட்டாஞ்சேனை

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கட்டிலுக்கு மேலே பார்த்தேன். எங்கள் பங்குத் தேவாலயத்தின் முகப்பு. நான் கீறிய முதல் தேவாலயம். பதினொரு வருடமாக அங்கேதான் தொங்குகிறது. படத்தின் வலது ஓரத்தில் மாதா சிலை நிற்கும் கெபியின் கூரை பாதி தெரிந்தது. கெபி இருப்பது இடது பக்கம். அம்மா தினமும் மெழுகுதிரி கொளுத்துகிற இடம்.

“அம்மா, இதில கெபி மற்றப் பக்கம் நிக்குது.”

“ஓம் மகன். நீ கொண்டுவந்த அண்டைக்கே கண்டனான்.”

“ஏன் சொல்லேல்ல?”

“வடிவா இருக்கா எண்டுதானே கேட்டனீ? வடிவாத்தான் இருந்தது.”

அதற்குப் பிறகு முதல் பிரதியைக் காட்டும்போது எப்படி இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. என்ன பிழை என்று கேட்கிறேன். முதலில் அம்மாவிடம்.