நாலாவது மனு

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கு நான் ஆசிரியையாக வந்த முதல் வருடம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் இலைக்கூடையோடு சரிவில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. உதவிப் பணம் கேட்டு மூன்று மனுக்கள் எழுதிக் கொடுத்தேன். மூன்றையும் எஸ்டேட் மேனேஜர் துரை தள்ளிவிட்டார். வேலைக்கு வராவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

"நாலாவது மனுவா? டீச்சரம்மா தங்கப் பேனா வாங்கிருங்க" என்றார் ஆட்களை மேய்க்கும் கங்காணி.

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு தொரைய ஏன் பகைச்சுக்கிற?" என்றார் என் கணவர். அவர் பாக்டரியில் எழுத்தர். அவர் வேலையும் போய்விட்டால் என்ற பயம் எனக்கும் இருந்தது.

இந்த முறை எழுதுவதற்கு முன்பு பேச்சியம்மாளிடம் கேட்டேன்: "தொரை உங்க கையப் பாத்தாரா?"

"எப்படிப் பாப்பாரு? கம்பளிக்குள்ள கையக் கட்டிக்கிட்டுதான நின்னேன். தொரை முன்னாடி கைய நீட்ட முடியுமா? டாக்டரய்யாவும் தூரத்துல நின்னு, விரல் அஞ்சும் இருக்குன்னுட்டாரு."

நாலாவது மனுவில் கெஞ்சவில்லை. அந்தக் கையால் கொழுந்து ஒடிக்க முடியாது, கூடை தூக்க முடியாது, சோறு பிசைய முடியாது, நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அவளோடு போனேன்.

துரை ஆபீசுக்குப் பக்கத்துச் செடியைக் காட்டினார். "கொழுந்து எடு."

கம்பளியை விலக்கியவள், கை முறிந்த பிறகு வந்த பழக்கத்தில் இடது கையால் சரசரவென்று எடுத்தாள்.

"நல்லா எடுக்குது" என்றார் கூட நின்ற டாக்டர்.

"ஒத்தக் கையால கூடை நிறையாது. அக்கா, இடது கையப் பின்னால வச்சுக்கிட்டு எடுங்க."

வலது கை விரல்களில் கொழுந்து வளைந்தது, ஒடியவில்லை. மறுபடியும் முயன்றாள். பெரட்டில் பேர் கொடுக்க வந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போதும். வீட்ல இருக்கட்டும். பணத்துக்கு நான் மேல எழுதறேன்" என்றார் துரை.

மனு தள்ளப்பட்டால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். உடம்பால் முடியாததை எழுதுங்கள். அதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். புதிதாக வரும் ஆசிரியைகளுக்கு இவ்வளவுதான் சொல்ல வந்தேன். ஆனால் திரும்பும் வழியில் பேச்சியம்மாள் அழுதாள்.

"வீடு தங்கிருச்சே அக்கா" என்றேன்.

"இந்தக் காட்டுல என் கை வேகத்துக்கு யாரு உண்டு? ஒரு கொழுந்து ஒடிக்க மாட்டாம நின்னத எல்லாரும் பாத்துட்டாளுக."

அவளை அப்படி நிற்க வைத்தது சரிதானா என்று இன்றும் யோசிக்கிறேன். மனு ஜெயித்தாலும் அவளை விட்டு உடனே பிரிந்துவிடாதீர்கள். வீடு வரை கூட நடந்து போங்கள்.