மிஸ்டர் ஹெர்ஷின் காலைச் சண்டை

தொண்ணூறுகளின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வந்திருந்த நகரத்தில், பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் இருந்த யூத முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு ஹெல்த் கெயார் எயிட் வேலை கிடைத்தது. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. முதல் நாளே ஓர் அறையில் பெருங்கூச்சல். யாரையோ அடிக்கிறார்களாக்கும் என்று ஓடினேன். அந்த அறைக்காரர் மிஸ்டர் ஹெர்ஷ், செபத்துக்குப் போடும் வெள்ளைச் சால்வையைத் தலையில் போட்டபடி, தனியே நின்று கூரையைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார்.

கிச்சினில் வேலை செய்த மன்னார்க்காரி பிலோமினா அக்கா சிரித்தார். "பயப்படாதை தம்பி. மனுசன் கடவுளோட சண்டை பிடிக்குது. நாங்களெண்டால் முழந்தாளிலையெல்லோ நிப்பம்."

நானும் கையெடுத்துக் கேட்டுப் பழகியவன்தான். ஆனால் என்னிடம் வர விசாவுக்குக் காத்திருந்த மனைவி கொழும்பில் காய்ச்சலில் இறந்துபோன பிறகு, நான் வாடகைக்கு இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அறையில் முருகன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அந்த அறையில் கதைக்க வேறு ஆளும் இல்லை.

ஒருநாள் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது, கடவுள் கோவிக்க மாட்டாரா என்று கேட்டேன். அவர் இங்கிலீசில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"ஒரு ஊரை அழிக்கப்போறன் எண்டு கடவுள் சொல்லேக்கை, ஆபிரகாம் முன்னுக்குப் போய், நல்லவனையும் சேர்த்துக் கொல்லுறது நீதியோ எண்டு கேட்டவர். கடவுள் கோவிக்கேல்லை, நிண்டு பதில் சொன்னார். அவருக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஒப்பந்தம் உள்ளவனோடதானே சண்டை பிடிக்கலாம்?"

அந்தத் தை மாதம் அவருடைய ஒரே மகள் இறந்துபோனார். அதன்பின் அறையில் சத்தமில்லை. சால்வை மடித்தபடி கிடந்தது. சாப்பாட்டையும் தள்ளிவிட்டார்.

"இனி கடவுளோட எனக்குக் கதையில்லை" என்றார்.

இப்படியே போனால் ஆள் தப்பாது என்று நேர்ஸ் சொன்னார். எனக்கு அந்த அறைக்குள் நிற்கவே பயமாக இருந்தது. அது என் அறையைப் போலவே இருந்தது.

ஒரு காலை, ஓட்ஸ் கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு, என்ன நினைத்தேனோ, கூரையைப் பார்த்து வாய் திறந்தேன்.

"முருகா, உனக்குக் கண்ணில்லையோ? வெள்ளிக்கு வெள்ளி விரதம் பிடிச்சவளெல்லே? விசா வருமட்டும் பொறுக்க ஏலாமப் போச்சோ உனக்கு?"

அழுகை வந்துவிட்டது. மிஸ்டர் ஹெர்ஷ் மெல்லத் திரும்பினார்.

"ஆரோட சண்டை?"

"எங்கட ஆளோட."

"பதில் சொன்னவரோ?"

"இல்லை."

"எனக்கும் இல்லை" என்றார். சால்வைப் பக்கம் கையை நீட்டினார். சால்வையை எடுத்துக் கொடுத்தேன். அவர் கத்தத் தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். முடிந்ததும் கூப்பிட்டார். கஞ்சி ஆறிப்போச்சு, சூடாக்கிக் கொண்டுவா என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: கத்துகிற முதியவருக்குப் பயப்படாதீர்கள். சத்தம் நின்ற அறைக்கு முதலில் போங்கள்.

மிஸ்டர் ஹெர்ஷ் மறுபடி கத்திய அன்று, வேலை முடிந்து வந்து முருகன் படத்தை நேரே திருப்பி வைத்தேன். கும்பிடுவதற்கு இல்லை. ஏசுவதென்றால் முகத்தைப் பார்த்து ஏச வேண்டும்.